‘நாட்டு மாடுங்க’ என்றதும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்

ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் மாட்டுக்கறி என்பது அன்றாடச் சாப்பாடு. அந்தப் பழக்கத்துக்குள் இப்போது ‘ஆர்கானிக் பீஃப் எங்கே கிடைக்கும்?’ என்ற கேள்வியும் வந்திருக்கிறது. கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் பலரும் அமெரிக்கப் பண்ணையை மனதில் வைத்துக்கொண்டு வேலூர்க் கடையில் கறி வாங்குகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் கறிக்கென்றே மாடு வளர்த்து, கடைசி சில மாதங்கள் பெரிய பட்டிகளில் அடைத்து, மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனுக்கு அங்கே அனுமதி உண்டு. ஐரோப்பா அந்தக் கறியை 1989 முதல் உள்ளே விடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ‘ஆர்கானிக்’ என்ற முத்திரைக்குப் பெரிய அர்த்தம் இருக்கிறது. நம் பக்கம் கதை வேறு. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் பொதுவாக வெட்டலாம். கடைக்கு வருவது ஏர் உழுது ஓய்ந்த காளை, பால் வற்றிய எருமை போன்றவைதான். வைக்கோலும் தவிடும் கழனித் தண்ணியும் சாப்பிட்டு வளர்ந்தவை. அவற்றில் வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தேடுவது வீண் வேலை.

தேட வேண்டியது வேறு ஊசியை. ஒரு எருமைக்கு மடி நோய் வருகிறது. ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள், தேறவில்லை. இனி செலவு செய்து பயனில்லை என்று செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். மருந்து உடம்பை விட்டு வெளியேற ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. அந்த நாட்கள் முடியும் முன்பே மாடு கறியாகிவிட்டால் மிச்ச மருந்து நம் தட்டுக்கு வரும். ஊசி போட்ட இடத்துச் சதையிலும், ஈரல், கிட்னியிலும்தான் அது அதிகம் தங்கும். கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்ப முடியாது. ஆகவே கடைக்காரரிடம் “ஆர்கானிக்கா பாய்?” என்று கேட்பதைவிட “மாடு எங்கே பிடிச்சது, நோய் மாடு இல்லையே, டாக்டர் பார்த்தாரா?” என்று கேட்பது பத்து மடங்கு உபயோகம். பழக்கமான கடையாக இருந்தால் உண்மையைச் சொல்வார்கள். உரித்துத் தொங்கும் தொடையில் அறுவைக்கூடத்து முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

நாட்டு மாடு என்றாலே ஆர்கானிக் என்பது அடுத்த தவறு. நாட்டு மாடு என்பது இனம். ஆர்கானிக் என்பது வளர்ப்பு முறை. மேய்ந்த நிலம், தீவனம், கொடுத்த மருந்து எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். இந்தியாவில் அதற்கான தேசியத் திட்டம் 2001 முதல் இருக்கிறது. 2017 விதிமுறைப்படி பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்று போட்டு விற்கச் சான்றிதழ் தேவை. ‘ஜைவிக் பாரத்’ முத்திரை அதற்குத்தான். எடைபோட்டு விற்கும் கறிக்கடை எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை. சான்று இல்லாமல் வாய்வார்த்தைக்குக் கிலோவுக்கு நூறு, இருநூறு கூட்டிக் கொடுப்பானேன்?

நிலம் என்றதும் பாலாறு ஞாபகம் வருகிறது. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு இந்த மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்தது. கழிவு ஓடிய கால்வாய் ஓரம் மேய்ந்த மாட்டுக்குத் தீவனமே கொடுக்காவிட்டாலும் அது ‘இயற்கை’ ஆகிவிடாது. திறந்த வெளியில் மேய்வதாலேயே சுத்தம் என்பதும் சரியில்லை. மனிதக் கழிவு கலந்த புல்லை மேயும் மாட்டின் சதையில்தான் நாடாப்புழுக் கட்டிகள் வளர்கின்றன. ஆர்கானிக் சான்றிதழ் கிருமியைக் கொல்லாது, அடுப்புதான் கொல்லும். அதிலும் கொத்துக்கறி உள்ளே சிவப்பே தெரியாத அளவுக்கு வேக வேண்டும்.

கொழுப்பின் நிறத்தை வைத்து ஜோசியம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மஞ்சளாக இருந்தால் கெட்டது என்பார் ஒருவர், வெள்ளையாக இருந்தால் பண்ணைத் தீவனம் என்பார் இன்னொருவர். பச்சைப் புல்லில் உள்ள கரோட்டின்தான் காளையின் கொழுப்பை மஞ்சளாக்குகிறது. வயதான மாட்டிலும், ஜெர்சி கலப்பிலும் மஞ்சள் கூடும். எருமை எவ்வளவு புல் தின்றாலும் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால், பாலைப் போலவே கொழுப்பும் வெள்ளைதான். எந்த மாடு என்று தெரியாமல் நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

சத்து விஷயம் சுருக்கமாக: புல் மேய்ந்த கறியில் ஒமேகா-3 கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மத்தி மீன் பக்கத்தில் வைத்தால் அது ஒன்றுமே இல்லை. சிவப்பு இறைச்சியை வாரத்துக்கு, சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். ஆர்கானிக் கறிக்கென்று அதில் தனிச் சலுகை கிடையாது.

அப்புறம் சமையல். எங்கிருந்தோ சான்றிதழோடு ஆர்கானிக் கறி வரவழைத்தால், கடைக்கறிக்கு வைக்கிற அதே விசில் கணக்கை வைக்காதீர்கள். இளம் மாடாக இருந்தால் சீக்கிரம் வெந்து நார் நாராகப் பிரிந்துவிடும், பிரியாணியில் துண்டே தெரியாது. நம்மூர் உழைத்த மாடு நேர்மாறு. தயிரும் இஞ்சி பூண்டும் தடவி ஊற வைத்து, தனியாக நன்றாக வேக வைத்த பிறகே சீரகச் சம்பாவைச் சேர்க்க வேண்டும்.