காசநோய்க் கிருமியின் உறவுகளைப் பொதுத் தரவுத்தளங்களில் தேடும் முறை

2016-இல் சூரிச் நகர ஆய்வகம் ஒன்று, ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலிருந்து வந்து புகலிடம் கோரியவர்களிடம் மருந்துகளுக்கு அடங்காத ஒரே வகைக் காசநோய்க் கிருமி இருப்பதைக் கவனித்து, அதன் மரபணு வரிசையைப் பிற ஐரோப்பிய நாடுகளின் ஆய்வகங்களுக்குத் தெரிவித்தது. அவை தங்கள் வரிசைகளோடு ஒப்பிட்டதில் 29 நோயாளிகள் ஒரே தொகுப்பில் சேர்ந்தனர். தொற்று பரவிய இடமாக லிபியாவின் பனி வலித் நகரம் சந்தேகிக்கப்பட்டது. இத்தகைய தேடலை ஓர் ஆய்வகம் எப்படிச் செய்யலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

கையில் பழைய முறைத் தரவு மட்டுமே இருந்தால் ஸ்பாலிகோடைப்பிங் (கிருமியின் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடைத்துண்டுகள் உள்ளனவா என்று பார்க்கும் சோதனை) முடிவிலிருந்து தொடங்கலாம். 43 இடைத்துண்டுகளில் எவை உள்ளன, எவை இல்லை என்பதை ஒன்று, பூஜ்யமாக எழுதி, மும்மூன்றாகச் சேர்த்து ஒவ்வொன்றையும் ஓர் இலக்கமாக்கினால் (கடைசித் துண்டு தனி இலக்கம்) 15 இலக்க எண் கிடைக்கும். முதல் 34 துண்டுகளும் இல்லாத பெய்ஜிங் வகைக்கு அது 000000000003771 ஆகும். இந்த எண்ணைக் குவாதலூப் பாஸ்டர் நிறுவனத்தின் சிட்விட் தரவுத்தளத்தில் இட்டால், அதே வகை எந்தெந்த நாடுகளில் பதிவாகியுள்ளது என்று தெரியும். ஆனால் தொடர்பே இல்லாத கிருமிகளும் ஒரே துண்டுகளை இழந்திருக்கலாம் என்பதால், இதைக் கொண்டு இருவரிடையே தொற்று நடந்ததாகச் சொல்லிவிட முடியாது. ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துணுக்கு எங்கெங்கே எத்தனை முறை வருகிறது என்று பார்க்கும், இதற்கு முந்தைய முறையோ தென்னிந்தியாவில் பெரிதும் தடுமாறியது. இங்குள்ள கிருமிகள் பலவற்றில் அந்தத் துணுக்கு ஒரே ஒரு முறைதான் இருக்கிறது, சிலவற்றில் அறவே இல்லை.

முழு மரபுத்தொகை வரிசை இருந்தால் முதலில் தரத்தைச் சரிபாருங்கள். வேறு மைக்கோபாக்டீரியங்களோ மனித டிஎன்ஏவோ கலந்திருக்கிறதா, ஒவ்வோர் இடமும் குறைந்தது 30 முறையாவது படிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் மேலே செல்ல வேண்டாம். பின்னர் சுமார் 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஹெச்37ஆர்வி என்ற மேற்கோள் வரிசையோடு பொருத்தி, ஒரே மாதிரியான துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் பிஇ, பிபிஇ மரபணுக்களைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். அங்கே தோன்றும் வேறுபாடுகளில் பல வெறும் பொருத்தப் பிழைகளே. டிபி-ப்ரொஃபைலர் போன்ற மென்பொருள் கால்வழியையும் (கிருமியின் பரம்பரைக் கிளை) மருந்து எதிர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடும். மருந்து எதிர்ப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பிறழ்வு (மரபணு மாற்றம்) பட்டியலின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பயன்படுத்துங்கள். விரைவுச் சோதனைகள் ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்துப் பகுதியை மட்டுமே பார்ப்பதால், ஆப்பிரிக்க நாடான எஸ்வாத்தினியில் பரவிய, அப்பகுதிக்கு வெளியே 491-ஆம் இடத்துப் பிறழ்வு கொண்ட ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமி அவற்றின் கண்ணில் படாமலே போயிற்று. முழு வரிசையில் அது தெரிந்துவிடும்.

அடுத்தது தேடல். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடங்களின் பொதுக் களஞ்சியங்களும் தரவைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதால், ஒன்றில் தேடினாலே போதும். அதே துணைக்கால்வழியையும் அதே எதிர்ப்புப் பிறழ்வுகளையும் கொண்ட பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: பிறர் வெளியிட்ட வேறுபாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துத் தம்முடையதோடு கழித்துப் பார்க்கிறார்கள். வடிகட்டும் விதிகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால், அப்படிக் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. மூல வரிசைக் கோப்புகளையே இறக்கி, உங்கள் மாதிரியோடு ஒரே வழிமுறையில் மீண்டும் கணக்கிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனாலும் இதைத் தவிர்க்க வழியில்லை.

கிடைத்த இடைவெளியை, அதாவது இரு வரிசைகளும் வேறுபடும் எழுத்துகளின் எண்ணிக்கையை, எப்படிப் படிப்பது? இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்றின் அடிப்படையில் 2013 முதல் வழங்கிவரும் கணக்குப்படி, 5 எழுத்துகளுக்குள் வேறுபட்டால் அண்மைத் தொற்றுக்கு வாய்ப்பு உண்டு. 12-க்கு மேல் போனால் வாய்ப்புக் குறைவு. கிருமி ஆண்டுக்குச் சுமார் அரை எழுத்து மாறுகிறது. ஆகவே இரு கிளைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்று மாறும் என்றும், 12 வேறுபாடுகள் என்றால் பொது மூதாதை ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு முந்தையது என்றும் கொள்ளலாம். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை இந்த எண் சொல்லாது. அதற்குப் பயண வரலாறும் நோய் தொடங்கிய நாளும் வேண்டும். பொருத்தமான பதிவு கிடைக்காததும் ஆதாரம் ஆகாது, ஏனெனில் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் இந்தியாவிலிருந்து பொதுவெளிக்கு வந்திருக்கும் வரிசைகள் அந்த அளவுக்கு இல்லை.

உங்கள் வரிசையையும் பதிவேற்றுங்கள். மனித டிஎன்ஏத் துண்டுகளை முன்பே நீக்கி, நாட்டையும் மாதிரி எடுத்த ஆண்டையும் தவறாமல் குறிப்பிடுங்கள். இவ்விரண்டும் இல்லாத பதிவு பிறருக்கு அநேகமாகப் பயன்படாது. முகவரியோ சரியான தேதியோ சேர்த்தால் சிறிய ஊரில் நோயாளி யாரென்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அதே தேடலை மீண்டும் நடத்துங்கள். இன்று தனித்து நிற்கும் கிருமியின் நெருங்கிய உறவு, வேறொரு நாட்டிலிருந்து அதற்குள் பதிவேறியிருக்கக்கூடும்.