கார்த்தஹேனாவில் கப்பல் நின்றால்

கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் சுற்றுலாக் கப்பல் நிற்கும்போது, எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் தடங்களைப் பார்க்கக் கப்பல்காரர்களின் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டாம். டாக்சியில் மணிக்கூண்டு வாசலில் இறங்கி நடந்தே பாருங்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

மதில் சூழ்ந்த பழைய நகரம் சிறியது, பார்க்க வேண்டியதெல்லாம் நடை தூரத்தில்தான். வாசலைத் தாண்டியதும் மிட்டாய்க்காரர்களின் வளைவு மண்டபம். 1985-இல் வந்த மார்க்கேஸின் ‘காலரா காலத்தில் காதல்’ நாவலில் எழுத்தர்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபம் இதை வைத்து எழுதியதுதான். கண்ணாடி ஜாடிகளில் தேங்காய் மிட்டாய் அடுக்கியிருப்பார்கள். வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே நடக்கலாம். ஃபெர்னாந்தேஸ் தே மத்ரீத் சதுக்கம், அப்புறம் லா மெர்செத் மடத்தின் முற்றம். 2016 முதல் மார்க்கேஸின் அஸ்தி இருப்பது இந்த முற்றத்தில்தான். என்னைக் கேட்டால், வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள். மடம் பல்கலைக்கழகக் கட்டடம் என்பதால் ஞாயிறு, விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கலாம். கப்பல் சில மணி நேரமே நிற்கிறது என்றாலோ, வெயிலில் நடக்க முடியாதவர்கள் கூட வந்தாலோ கப்பல் சுற்றுலாவே சரி. அதில் போனவர்கள் திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது.