அந்தமானில் பிராட்பேண்ட் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கு, சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தது 2020 ஆகஸ்ட் 10 அன்று. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. அதற்கு முன்பு தீவுகள் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தன. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்ப வேண்டியிருந்ததால், ஒரு பக்கத்தைத் தட்டினால் பதில் கிளம்பி வரவே அரை நொடி ஆகும். அந்தக் காலம் போனது பெரிய விஷயம். ஆனால் கேபிள் வந்த பிறகும் பலர் தவறாகக் கணக்குப் போட்டுப் பணத்தை இழக்கிறார்கள்.

முதல் தவறுதான் மிகவும் பெரியது: இரண்டு கம்பெனியிடம் இணைப்பு வாங்கினால் நெட் போகவே போகாது என்று நம்புவது. ஹோட்டல் நடத்துபவர்களும் ஆன்லைனில் வேலை பார்ப்பவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ என்று கடையில் பெயர்கள் பல. ஆனால் மெயின்லேண்டுக்குப் போகக் கடலுக்கடியில் இருப்பது அந்த ஒரே பாதைதான். தனியார் கம்பெனிகளும் அதில்தான் திறனை வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றன. நடுக்கடலில் அது அறுந்தால் எல்லாருக்கும் சேர்ந்தே அடி விழும். சரி, அப்படியானால் இரண்டாவது இணைப்பு வீணா? இல்லை. தெருவில் மரம் விழுந்து ஒரு கம்பெனியின் ஒயர் அறுந்தால் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் அதற்கு இரண்டும் வேறு வேறு கம்பம், வேறு வேறு வழியாக வர வேண்டும். வாங்கும் முன் லைன்மேனிடம் அதைக் கேளுங்கள். கடல் கேபிளுக்கே மாற்று வேண்டும் என்றால் செயற்கைக்கோள் இணைப்பு மட்டும்தான் வழி, அதற்குச் செலவு அதிகம்.

போட்டி வந்துவிட்டது என்று நாம் மகிழ்வதில் பாதிதான் உண்மை என்று நான் சொல்வதும் இதனால்தான். விலையில் போட்டி இருக்கிறது, பாதையில் இல்லை. இரண்டாவது கேபிள் வேண்டும் என்று தீவு மக்கள் விடாமல் கேட்க வேண்டும்.

அடுத்தது, தீவின் பெயரைப் பார்த்து முடிவு செய்வது. கேபிள் ஹேவ்லாக், ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. ஆனால் கரையில் கேபிள் ஏறியதற்கும் உங்கள் வீட்டுக்கு ஃபைபர் வருவதற்கும் நடுவில் நிறைய வேலை இருக்கிறது. கரையிலிருந்து உங்கள் ஊர் வரை லைன் போக வேண்டும், அங்கே ஒரு பெட்டி, அதிலிருந்து பல வீடுகளுக்குப் பிரியும் இழை. சென்னை வரை நொடிக்கு 400 ஜிகாபிட் திறன் இருந்தாலும், உங்கள் தெருப் பெட்டியில் ஆட்கள் அதிகமானால் ராத்திரி எட்டு மணிக்கு வேகம் குறையும். ஆகவே விளம்பரத்தைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் மாலை வேளையில் வேகம் எப்படி என்று கேளுங்கள்.

வேகத்தை அளக்கும்போதும் குழப்பம். 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். டவுன்லோடில் நொடிக்கு 12 மெகாபைட் சொச்சம்தான் வரும். வைஃபையில் சோதித்துவிட்டுக் கம்பெனியைத் திட்டாமல், ரூட்டரில் ஒயரைச் செருகிச் சோதியுங்கள். மாதாந்திர டேட்டா அளவு தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புதிதாக எடுக்கும்போது தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு மழைக்காலத்தை மாதக் கட்டணத்தில் ஓட்டிப் பார்த்தால் லைனின் தரம் தெரிந்துவிடும்.

கரண்ட்டை மறப்பது இன்னொரு தவறு. பழைய செம்புக்கம்பி லேண்ட்லைன் கரண்ட் இல்லாமலும் பேசும். ஃபைபர் அப்படியல்ல, கரண்ட் போய் வீட்டிலுள்ள மோடம் பெட்டி அணைந்தால் எல்லாம் நின்றுவிடும். புயல் நாட்களில் தகவல் கிடைக்க வேண்டுமே, ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். உப்புக்காற்றில் இணைப்பு முனைகளும் அரிக்கும், ஒயர் வெளிச்சுவரில் திறந்து கிடக்க விடாதீர்கள்.

அப்புறம், புகாரை வாய்வார்த்தையாகச் சொல்லி விடுவது. லைன்மேனுக்குப் போன் செய்வது நல்லதுதான், ஆனால் அது பதிவாகாது. கம்பெனியின் புகார் எண்ணுக்கு அழைத்து டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்தால் நாட்கள்தான் போகும்.