ஆட்டிறைச்சிப் பிரட்டல் கசக்கிறதா? மசாலாவைக் கரைத்து ஊற்றுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் வந்தாலும் ஆட்டிறைச்சிப் பிரட்டல்தான். நிறைய பேர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்: மசாலாத் தூளை நேராகச் சூடான எண்ணெயில் கொட்டிவிடுகிறார்கள். அது நொடியில் கருகிவிடும், அப்புறம் எவ்வளவு தேங்காய்ப்பால் ஊற்றினாலும் கசப்பு போகாது.

ஒரு கிலோ இறைச்சிக்கு 4 மேசைக்கரண்டி இறைச்சி மசாலாத் தூளை அரை கப் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வையுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ பொரிந்து, சின்ன வெங்காயமும் இஞ்சி பூண்டு விழுதும் பச்சை வாசம் போக வதங்கியதும், தீயைக் குறைத்து இந்தக் கரைசலை ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறுங்கள். பத்து நிமிடம்கூட ஆகலாம், இதில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள், ருசி முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பிறகு இறைச்சி, உப்பு. அது விடும் தண்ணீரிலேயே பிரட்டி மூடி வேகவிடுங்கள், வற்றினால் சுடுதண்ணீர் கொஞ்சம். உறைந்த இறைச்சி என்றால் முதல் நாள் இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்து, சமைக்கும் முன் தண்ணீரை நன்றாக வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பிரட்டல் குழம்பாகிவிடும்.

திடீரென்று நாலு பேர் கூடிவிட்டார்களா, சரி, தண்ணீரைக் கூட்டாதீர்கள், உருளைக்கிழங்கைக் கூட்டுங்கள். இறைச்சி முக்கால் பதம் வெந்தபின் கிழங்கைப் போட்டால் கரையாது. அணைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. மிச்சம் இருந்தால் மறுநாள் காலை ரொட்டி சானாய்க்கு (பரோட்டா போன்ற மலேசிய ரொட்டி) எடுத்து வையுங்கள்.