குஷன் வேலைக்கு எந்த கன், எந்தப் பின்?

சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்குப் புது ரெக்சின் போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது துணியை மரத்தில் பின் அடித்துப் பொருத்தும் ஸ்டேப்ளர் கன்னில் எதை வாங்கலாம் என்பதைத்தான். அதில் போடும் ‘ப’ வடிவப் பின்னைத் தீர்மானித்துவிட்டு கன்னுக்கு வாருங்கள் என்பேன். பின் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கன்னாலும் பயனில்லை.

பெட்டியில் 13/8 என்று இருந்தால் 13 என்பது பின்னின் வகை, 8 என்பது மரத்துக்குள் இறங்கும் காலின் நீளம், மில்லிமீட்டரில். காற்றழுத்த கன்னுக்கான 8010 பின்னில் 80 வகை, 10 நீளம். வகை கன்னைப் பொறுத்தது. உங்கள் கன்னில் எழுதியிருப்பதைத் தவிர வேறு வகையைப் போட்டால் சிக்கிக்கொள்ளும். நீளம் மரத்தையும் துணியையும் பொறுத்தது. துணியின் தடிமன் போக ஐந்தாறு மில்லிமீட்டராவது மரத்துக்குள் இறங்க வேண்டும்.

இருக்கைப் பலகை பெரும்பாலும் 12 மி.மீ. பிளைவுட். அதற்கு 8 நீளம் போதும். மடிப்புகள் சேரும் மூலைகளுக்கு மட்டும் 10. உறுதியாக இருக்கட்டும் என்று 14 வாங்கினால் பலகையைத் துளைத்து, ஃபோமுக்குள் முனை நீட்டிக்கொண்டு நிற்கும். இருக்கையின் அடியில் அடிக்கும் கறுப்புத் துணிக்கு 6 போதுமானது. பழைய தேக்கு, வேங்கைச் சட்டங்களில் கை கன்னால் அடிக்கும்போது நீளமான கால் உள்ளே போகாமல் மடங்கிவிடும். அங்கே குட்டைப் பின்தான் நன்றாகப் பிடிக்கும்.

நாலைந்து நாற்காலிகளுக்குக் கடைகளில் கன் டேக்கர் என்று கேட்டால் தரும் கை கன் போதும். இரும்பு உடல் உள்ளதாக, ஸ்பிரிங் விசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கடையிலேயே பிடியை அழுத்திப் பாருங்கள். ஒரு கையால் அழுத்த முடியாத கன் வீட்டில் அரை மணி நேரத்தில் கையை நோகடிக்கும். சோபா செட் என்றால் சிறு கம்ப்ரஸரும் 80 வகை ஏர் கன்னும்தான் நல்லது. அழுத்தத்தை 60 பி.எஸ்.ஐ.யில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அதிகமானால் துணிமேல் படியும் பின்னின் முதுகு ரெக்சினை வெட்டிவிடும். சிக்கிய பின்னை எடுக்கும் முன் காற்றுக் குழாயைக் கழற்றியே ஆக வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும். இதில் சமரசம் கூடாது.

துண்டுப் பலகையில் அதே துணியை வைத்து ஒரு பின் அடித்துக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். முதுகு துணியோடு ஒட்டிக் கிடந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் கன் சாய்ந்திருக்கிறது. அடுத்த முறை கன்னின் மூக்கை இன்னொரு கையால் அழுத்திப் பிடியுங்கள். இரு பக்கமும் தூக்கியிருந்தால் விசை போதவில்லை, அல்லது கால் நீளம் அதிகம்.

நான் இருப்பது தூத்துக்குடியில். உப்புக் காற்றில் சாதாரணப் பின் துருப்பிடித்து, வெளிர் நிறத் துணியில் பழுப்புக் கறையாக ஊறிவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னே கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் துணியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

நெய்த துணியில், கன்னைச் சாய்க்காமல், பின்னின் முதுகு இழைக்கு நேராக இல்லாமல் சற்றுக் கோணலாக விழும்படி அடித்தால் இரண்டு காலும் ஒரே இழையில் விழாது. துணி கிழியாமல் தாங்கும். 45 செ.மீ. சதுர இருக்கையின் சுற்றளவு 180 செ.மீ.; இரண்டரை செ.மீ.க்கு ஒன்று என்றால் எழுபதுக்கு மேல், மூலைகளுக்கு இன்னும் கொஞ்சம். ஆறு நாற்காலிக்கு 8 நீளத்தில் ஆயிரம் பின் உள்ள பெட்டி ஒன்றும், 10 நீளத்தில் சிறிய பெட்டி ஒன்றும் வாங்கினால் போதும்.