தொண்ணூறு கிலோமீட்டர்தானே அண்ணா?

கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் புதிதாகக் கார் போட்டிருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "பெங்களூர் ஏர்போர்ட்டா? தொண்ணூறு கிலோமீட்டர்தானே, ரெண்டு மணி நேரத்துல விட்டுடறேன்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே கணக்கை ஒரு காலத்தில் நானும் போட்டேன்.

டீசல், ஸ்டெப்னி எல்லாம் அவனுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஏர்போர்ட் வாடகையில் நம்மை ஏமாற்றும் கணக்குகளை மட்டும் சொல்கிறேன்.

ஊரின் தூரத்தை ஏர்போர்ட்டின் தூரமாக நினைப்பது

இங்கிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் என்பது சரிதான். ஆனால் நாம் நுழைவது ஊரின் தெற்கு வாசலில். விமான நிலையம் இருப்பதோ வடக்கே, தேவனஹள்ளியில். ஊர் நடுவிலிருந்தே இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டும். 2008-இல் அங்கே மாறும்வரை விமானங்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்துதான் போயின. பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

நான் ஏற்றிப்போன பையன் மஸ்கட்டுக்கு முதல் தடவை போகிறவன். விமானம் காலை 10.30-க்கு. ஆறரைக்குக் கிளம்பி, எட்டு மணிக்கெல்லாம் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் இருந்தோம். "பாத்தியா?" என்று பெருமைவேறு அடித்துக்கொண்டேன். மேம்பாலம் இறங்கி, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் நின்ற வண்டி நாற்பது நிமிடம் நகரவில்லை. அப்புறம் மாரத்தஹள்ளி, ஹெப்பால். போய்ச் சேரும்போது 9.50. செக்-இன் கவுண்டரை 9.30-க்கே மூடிவிட்டார்கள், விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கயிறு கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மாங்காய் ஊறுகாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாடகை வாங்கவில்லை, புது டிக்கெட்டில் பாதிப் பணமும் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த மேம்பாலத்தில் ஏறினால் என்மேலேயே எரிச்சல் வரும்.

இப்போது பகல் விமானம் என்றால் அத்திப்பள்ளியிலேயே திரும்பி சர்ஜாபூர், ஹொஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளி போய்விடுவேன். அந்த வழியிலும் லாரி உண்டு, ஆனால் சில்க் போர்டு இல்லை. எந்த வழியானாலும் கவுண்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வண்டிக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குகிறேன். சீக்கிரம் போனால் பயணி ஒரு காபி குடிக்கட்டும்.

ஒரு மணி நேர விமானம் என்று மயங்குவது

பெங்களூர், சென்னை இடையே நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர், சாலையில் 350. பறக்க ஒரு மணி நேரம்தான். ஆனால் அந்தச் சாலையே நம் ஊர் வழியாகத்தான் போகிறது! சென்னைக்குப் பறக்க நினைக்கும் கிருஷ்ணகிரிக்காரர் முதலில் எதிர்த்திசையில் போக வேண்டும். மூன்று மணி நேரம் கார், ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு, ஒரு மணி நேரம் பறப்பு. அதற்குள் வாணியம்பாடி, வேலூர் வழியாகக் காரே பூந்தமல்லியைத் தொட்டுவிடும். இதைச் சொல்லி ஒரு வாடகையை இழந்திருக்கிறேன், போகட்டும்.

நள்ளிரவு டிக்கெட்

15-ஆம் தேதி 00.30 என்றால் 14-ஆம் தேதி மாலையே வண்டி ஏற வேண்டும்.

தர்மபுரிக்காரர்களுக்கு

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது, பெங்களூரைவிடக் கிட்ட. எந்தெந்த நாளில் விமானம் உண்டு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் கிட்ட, தூரம் எல்லாம் ஒன்றுதான்.