42 ஷீட், 42 பிடிஎஃப்: மொத்தமாக ஓட்டும்போது சறுக்கும் இடங்கள்

ஒரே ஆட்டோகேட் டிராயிங்கில் 42 லேஅவுட் (அச்சுக்குத் தயாராக அடுக்கிய ஷீட்). கான்ட்ராக்டர் கேட்பதோ ஷீட்டுக்கு ஒன்றாக 42 பிடிஎஃப். பப்ளிஷ் கட்டளையைத் திறந்து, ஆப்ஷன்ஸில் மல்டி ஷீட் என்றிருப்பதை சிங்கிள் ஷீட் என்று மாற்றினால் தனித்தனி ஃபைலாக விழுந்துவிடும். வேலை இவ்வளவுதான். ஆனால் ஒரு ஷீட்டைக் கையால் பிளாட் (பிரிண்ட்) செய்யும்போது கண்ணில் படுகிற தப்பு, மொத்தமாக ஓட்டும்போது யார் கண்ணிலும் படாமல் சைட்டுக்குப் போய்விடும். மறுநாள் காலை போன் வரும்போதுதான் தெரியும்.

முதல் கோளாறு பெயரில். சாதாரணமாக ஃபைலின் பெயர், டிராயிங் பெயர், ஒரு ஹைஃபன், லேஅவுட் பெயர் என்று சேர்ந்து வரும். லேஅவுட்டுக்குப் பெயரே வைக்காமல் விட்டிருந்தால் ‘ஃபைனல் புதுசு-லேஅவுட்3’ என்று ஒன்று கிடைக்கும். அது பீம் டீட்டெயிலா, படிக்கட்டா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். சரி, பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அப்படி உட்கார்ந்து மாற்றியபோது எஸ்-107ஐயும் எஸ்-117ஐயும் இடம் மாற்றி வைத்தவன் நான். உள்ளே டைட்டில் பிளாக்கில் (ஷீட்டின் பெயர், எண் எழுதும் கட்டம்) ஒரு எண், வெளியே ஃபைலில் வேறு எண். பெயரை லேஅவுட்டிலேயே சரியாக வைத்துவிடுங்கள். டைட்டில் பிளாக்கில் ஷீட் எண்ணைத் தட்டச்சு செய்யாமல், லேஅவுட் பெயரையே எடுத்துக்கொள்கிற ஃபீல்டாக (தானாக மாறும் எழுத்து) போட்டுவிட்டால் இரண்டும் பிரிந்து போக வாய்ப்பே இல்லை.

எண்களுக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் விடுவதும் இதே வகை. 1, 2, 10 என்று வைத்தால் விண்டோஸ் ஃபோல்டரில் ஒழுங்காகத்தான் தெரியும். வேறு சில இடங்களில் ஏற்றியதும் 1, 10, 11, 2 என்று கலைந்துவிடும். 01, 02 என்று வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. இன்னொன்று, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போய் அங்கே நீளமான பெயரும் வைத்தால், விண்டோஸின் பழைய 260 எழுத்து வரம்பில் போய் இடிக்கும்.

ரிவிஷன் எண்ணை (எத்தனையாவது திருத்தம் என்பதை) லேஅவுட் பெயரில் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு முறையும் எல்லா லேஅவுட்டையும் திருத்த வேண்டும், ஒன்றாவது விட்டுப்போகும். ரிவிஷனுக்கு ஒரு புது ஃபோல்டர் என்பதே நல்ல வழக்கம். அதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பழைய ஃபோல்டரிலேயே ஓட்டினால் பழைய ஃபைல்களின் மேலேயே புதியவை எழுதப்படும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு ஷீட் அக்ரோபாட்டில் திறந்திருந்தால், அதன் மேல் மட்டும் எழுத முடியாது. பப்ளிஷ் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்து மறையும். நாம் டீ குடிக்கப் போயிருப்போம். ஃபோல்டரில் எண்ணிப் பார்த்தால் 42 ஃபைல் சரியாக இருக்கும். 41 புதுசு, ஒன்று போன மாதத்தது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். பிளாட் விவரங்களைக் காட்டும் ஜன்னலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். புது ஃபோல்டரில் ஓட்டினால் மேலே எழுத வேண்டிய பழைய ஃபைலே இருக்காது. வேறு காரணத்தால் ஒன்று வராமல் போனாலும் 41தான் இருக்கும், உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பேஜ் செட்டப், அதாவது தாள் அளவு, பிளாட்டர், ஸ்கேல் போன்ற அச்சு அமைப்புகள். லேஅவுட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செட்டப் இருக்கும். பல நாளில் பல பேர் கை வைத்த டிராயிங் என்றால் ஒன்று ஏ1, ஒன்று ஏ3, ஒன்றில் ஏதோ ஒரு பழைய பிளாட்டரின் (பெரிய தாளில் அச்சடிக்கும் மெஷின்) பெயர் என்று கலவையாக இருக்கும். பப்ளிஷ் ஜன்னலில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுக்காமல் ‘பேஜ் செட்டப்பில் உள்ள பிளாட்டர்’ என்பதை விட்டுவைத்திருந்தால், பக்கத்து அறையில் பிளாட்டர் பேப்பரை உருட்டத் தொடங்கும் சத்தம்தான் உங்களுக்கு முதல் தகவல்.

அதைவிட நுணுக்கமானது பிளாட் ஏரியா. எக்ஸ்டென்ட்ஸ் (வரைந்தது எல்லாம்) என்றும், ஃபிட் டு பேப்பர் (தாளுக்குள் அடக்கு) என்றும் வைத்திருப்பார்கள். ஃபிரேமுக்கு வெளியே, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் யாரோ விட்டுப்போன ஒரு சின்னக் கோடு இருந்தால் போதும்: அதையும் உள்ளே அடக்க வேண்டி மொத்த ஷீட்டும் சுருங்கி ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடும். லேஅவுட்டில் பிளாட் ஏரியா ‘லேஅவுட்’, ஸ்கேல் 1:1. இதை ஒரே பெயருள்ள செட்டப்பாகச் சேமித்து, பப்ளிஷ் பட்டியலில் எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து அதையே ஒதுக்கிவிடுங்கள். ஒருமுறைகூடத் திறக்காத லேஅவுட் இருந்தால் அதன் நிலை அந்தப் பட்டியலிலேயே தெரியும். டிராயிங்கில் போய் அந்த டேபை ஒருமுறை கிளிக் செய்து சேவ் செய்துவிட்டு வர வேண்டும். டிராயிங்கை வரைகிற மாடல் டேபும் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

பிளாட் ஸ்டைல் விஷயத்தில் அடிபடாதவர்கள் குறைவு. வேறு அலுவலகத்திலிருந்து வந்த டிராயிங், அவர்கள் பயன்படுத்திய சிடிபி ஃபைல் (எந்த நிறக் கோடு எந்தத் தடிமனில், நிறத்தில் அச்சாகும் என்று சொல்வது) நம் கம்ப்யூட்டரில் இல்லை என்றால், கோடுகள் அதனதன் நிறத்திலேயே வரும். கறுப்புத் திரையில் மஞ்சள் கோடு பளிச்சென்று இருக்கும். வெள்ளைத் தாளில் அதே மஞ்சள், வெயிலில் நிற்கும் மேஸ்திரிக்கு இல்லாத கோடு மாதிரிதான். டிராயிங் கைமாறும்போது ஈ-டிரான்ஸ்மிட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிடிபி, எக்ஸ்ரெஃப் (டிராயிங்கோடு இணைத்திருக்கும் வேறு டிராயிங்) எல்லாம் சேர்ந்தே வரும்.

பப்ளிஷ் பட்டியலை டிஎஸ்டி (.dsd) ஃபைலாகச் சேமித்து அடுத்த மாதமும் அதையே ஓட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் இடையில் சேர்த்த புது லேஅவுட் அந்தப் பட்டியலுக்குள் தானாக வராது. 43ஆவது ஷீட் இப்படித்தான் காணாமல் போகிறது.

‘எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபாக எடுத்து அப்புறம் வெட்டிக்கொள்கிறேன்’ என்பவர்களுக்கு: பக்கம் பக்கமாக வெட்டினால் ஷீட் எண் போய்விடும், மிஞ்சுவது பக்க எண். வெட்டித்தான் தீர வேண்டுமென்றால் பப்ளிஷ் செய்யும்போது புக்மார்க் சேர்த்து, அக்ரோபாட் ப்ரோவில் புக்மார்க் வாரியாக வெட்டுங்கள்.

கடைசியாக அனுப்பும் முன், ஏ1 ஷீட்டை சைட்டில் ஏ3 தாளில்தான் பிரிண்ட் எடுப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நீளம் சரிபாதியாகும், 1:100 என்று எழுதியிருப்பது தாளில் 1:200 ஆகிவிடும். ஸ்கேல் வைத்து அளப்பவர் இருக்கத்தான் செய்வார். டைட்டில் பிளாக்கில் வெறும் 1:100 என்று விடாமல், பக்கத்தில் ‘ஏ1 தாளில்’ என்று சேர்த்து, ஒரு ஸ்கேல் பாரையும் (தாளோடு சேர்ந்தே சுருங்கும் அளவுகோல் கோடு) வரைந்துவிடுங்கள்.